ஒரே கடல், ஒரே கரை: திரையில் அகதியும் சுற்றுலாப் பயணியும்

(திரைப்படங்களும் புலம்பெயர்வும் குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதாகும். முன்பின் அறிந்திராத புதியவராய் வாயிலில் வந்து நிற்பவரே விருந்தினர். உறவினரை உபசரிப்பதை முன்னோர் விருந்தோம்பல் என்று சொல்லவில்லை. 'அகதி' என்ற சொல்லின் பொருள் கதியற்றவர். 'ஏதிலி' என்பதோ அயலாரைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வழிவந்தது. முன்பின் அறியாத அயலார் என்ற அளவில் விருந்தினருக்கும் ஏதிலிக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஆயினும் இன்றைய உலகம் இருவரையும் இரு வேறு வாயில்களில் நிறுத்துகிறது. ஒரு வாயிலில் வரவேற்பு வளைவு. மற்றொரு வாயிலில் முள்வேலி.

ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் நடந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் ஏறத்தாழ 140 கோடி. அதே ஆண்டின் இறுதியில், போராலும் ஒடுக்குமுறையாலும் வாழிடத்தைவிட்டு விரட்டப்பட்டோர் 12 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கூறுகிறது. இவர்களில் பெரும்பான்மையோர் சொந்த நாட்டின் எல்லைக்குள்ளேயே அலைகின்றனர். எல்லை தாண்டியவர்களிலும் பெரும் பகுதியினருக்கு இடமளித்திருப்பவை ஏழை நாடுகளும் நடுத்தர வருவாய் நாடுகளுமே. செல்வந்த நாடுகளின் கரையை எட்டுவோர் ஒரு சிறு பகுதியினர். அந்தச் சிறு பகுதியினருக்காகவே இத்தனை வேலிகளும் காவல் கப்பல்களும்.

இந்த இரு வகைப் பயணிகளும் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாமல் சந்திக்கும் இடங்கள் சில உண்டு. இத்தாலியின் தென்கோடித் தீவுகளும், கிரேக்கத் தீவுகளும், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கடற்பரப்பும் அத்தகையவை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பியத் திரைப்படக் கலைஞர்களும் பிறரும் இச்சந்திப்பைக் கதைப்பொருளாக்கியுள்ளனர். அகதிக்கும் விடுமுறைப் பயணிக்கும் இடையே உறவு முளைக்குமா? முளைத்தால் அதற்காக யார் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும்? இவ்வினாவை மூன்று படங்கள் மூன்று விதமாக எழுப்புகின்றன.

வீட்டில் பயணி, கொட்டகையில் அகதி

முதலாவது, எமானுவேலே கிரியாலேசே இயக்கிய 'டெர்ராஃபெர்மா'. 2011ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. 'உறுதியான நிலம்' என்பது இத்தலைப்பின் பொருள். தீவுவாசிகள் பெருநிலத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே. படமெடுக்கப்பட்ட லினோசா, சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிறு எரிமலைத் தீவு.

அத்தீவில் மீன்பிடித் தொழில் நலிந்துவிட்டது. முதியவர் எர்னெஸ்டோ தம் பழைய படகை விட மனமின்றிக் கடலுக்குச் செல்கிறார். அவருடைய மகன் ஒருவர் மீன்பிடியைத் துறந்து சுற்றுலாத் தொழிலுக்கு மாறிவிட்டார். மற்றொரு மகனைக் கடல் கொண்டுவிட்டது. கணவனை இழந்த மருமகள் ஜூலியெட்டா, தன் வீட்டைக் கோடைக்காலப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, மகன் பிலிப்போவுடன் வண்டிக் கொட்டகைக்குக் குடிபெயர்கிறாள். வடக்கு இத்தாலியிலிருந்து மூன்று இளைஞர்கள் அவ்வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள்.

ஒரு நாள் கடலில் தத்தளிக்கும் ஆப்பிரிக்கர்களை எர்னெஸ்டோ படகில் ஏற்றுகிறார். அதிகாரிகள் விலகி நிற்கச் சொல்கின்றனர். கடலில் விழுந்தவனைக் கரைசேர்க்காமல் வருவது என்பது அவருக்குத் தெரிந்த கடல் நெறியில் இல்லை. காப்பாற்றப்பட்டவர்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணியான எத்தியோப்பியப் பெண். அவளை வைத்திருக்க வேறிடமில்லை. கொட்டகையிலேயே ஒளித்து வைக்கின்றனர். அன்றிரவே அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. வீட்டில் வாடகை கொடுத்த விருந்தினர். கொட்டகையில் வீட்டுக்காரியும் அகதியும். வீட்டையே தொழிலாக்க நேர்ந்த ஏழைக் குடும்பம் இருவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருக்கிறது. மறுபுறம், சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவியதாகக் கூறி எர்னெஸ்டோவின் படகை அதிகாரிகள் பறிமுதல் செய்கின்றனர்.

இதில் கற்பனை குறைவு. 2007ஆம் ஆண்டு கடலில் 44 பேரைக் காப்பாற்றி லம்பேடுசா தீவுக்குக் கொண்டுவந்த துனிசிய மீனவர்கள் 7 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுடைய படகுகள் பறிமுதலாயின. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2009ஆம் ஆண்டு இத்தாலியில் அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைவதே குற்றமாக்கப்பட்டது. மீனவனின் அறம் அவ்வாறுதான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

அப்படத்தின் இரு காட்சிகள் மறக்கவொண்ணாதவை. ஒன்றில், சுற்றுலாப் படகின் தளம் நிரம்பி வழிய ஆடும் பயணிகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதிக்கின்றனர். செய்தித்தாள்களில் அன்றாடம் காணும் அகதிப் படகின் அதே நெரிசல், அதே குதிப்பு. ஒரு சொல்லும் தேவைப்படாமல் இயக்குநர் ஒப்புமையை நிறுவிவிடுகிறார். மற்றொன்றில், பயணியான இளம்பெண்ணை மகிழ்விக்க இரவில் படகோட்டிச் செல்கிறான் பிலிப்போ. இருளிலிருந்து நீந்திவரும் கைகள் படகைப் பற்றுகின்றன. அஞ்சிய அவன் துடுப்பால் அக்கைகளை அடித்து விலக்குகிறான். மறுநாள் பகலில், குளிர்காய்ந்து கிடக்கும் பயணிகளுக்கிடையே உடல்கள் கரையொதுங்குகின்றன.

இங்கே பயணிக்கும் அகதிக்கும் இடையே உறவு மலரவில்லை. உறவு மலர்வது அகதிக்கும், பயணியின் பணத்தை நம்பி வாழும் ஏழைப் பெண்ணுக்கும் இடையேதான். தொடக்கத்தில் அவளை வெளியேற்றத் துடித்த ஜூலியெட்டா, மெல்ல மெல்ல அவளிடம் தன்னையே காண்கிறாள். இருவருமே அத்தீவைவிட்டுப் போக விரும்பும் தாய்மார்கள். தாம் தங்கியிருக்கும் வீட்டின் ஓரத்திலேயே ஒரு குழந்தை பிறந்திருப்பதைப் பயணிகள் அறியாமலிருப்பதே சுற்றுலாத் தொழிலின் இலக்கணம். துன்பத்தை மறைத்து அழகை மட்டும் விற்கும் தொழில் அது.

பயணியாக நடிக்கும் அகதி

இரண்டாவது படம், சிங்கப்பூர் இயக்குநர் அந்தோணி சென் 2023ஆம் ஆண்டு அளித்த 'ட்ரிஃப்ட்'. அலெக்சாண்டர் மக்சிக்கின் நாவலைத் தழுவியது. லைபீரியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய ஜாக்குலின் என்னும் இளம்பெண் ஒரு கிரேக்கத் தீவில் தனித்துத் திரிகிறாள். சிந்தியா எரிவோ அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். இரவில் கடற்கரைக் குகையில் உறங்குகிறாள். பகலில் மணலில் படுத்திருக்கும் பயணிகளிடம் சென்று, சில யூரோக்களுக்குக் கால் பிடித்துவிடுகிறாள். காவலர்களைக் கண்டால் ஒதுங்கி மறைகிறாள்.

தொல்லியல் இடிபாடுகளுக்கு நடுவே கேலி என்ற அமெரிக்கப் பெண்ணை அவள் சந்திக்கிறாள். பாத்திரத்தை ஏற்றவர் அலியா ஷாகத். கேலி சுற்றுலா வழிகாட்டி. தானும் வெளியிலிருந்து வந்தவளே. உடன்வந்த வாழ்க்கை கைவிட்ட பின்னும் அங்கேயே தங்கிவிட்டவள். யார் என்று அவள் வினவும்போது ஜாக்குலின் தரும் விடை கருதத்தக்கது. கணவனோடு விடுதியில் தங்கியிருக்கும் பயணி என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். அகதி பயணியின் வேடத்தைப் புனைகிறாள். அகதி என்று சொன்னால் உரையாடல் நின்றுவிடும், காவலர் வருவர். பயணி என்று சொன்னால் உரையாடல் தொடரும். மனிதராக நடத்தப்படுவதற்கு அவளுக்குக் கிட்டிய ஒரே அனுமதிச்சீட்டு அந்தப் பொய்.

அப்பொய் அவளால் எப்படிச் சொல்ல முடிகிறது? அவள் லைபீரிய அமைச்சர் ஒருவரின் மகள். இலண்டனில் வாழ்ந்தவள். அவளுடைய ஆங்கிலம் செல்வந்தர்களின் ஆங்கிலம். அதே கடற்கரையில் பொருள்களை விற்று அலையும் ஆப்பிரிக்க இளைஞனுக்கு அவ்வேடம் ஒருநாளும் பொருந்தாது. இடதுசாரிப் பார்வையாளர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கேலிக்கும் ஜாக்குலினுக்கும் இடையே தோன்றும் நட்பு மெய்யானது, மென்மையானது. ஆனால் அந்நட்பின் வாயிலைத் திறந்த திறவுகோல் வர்க்கம் தந்தது. மொழியும் உச்சரிப்பும் நடையுடையும் 'நம்மவள்' என்று சொன்ன பிறகே நெருக்கம் வந்தது. படமும் இதை மறைக்கவில்லை.

படம் சொல்லாமல் விட்டது வேறொன்று. லைபீரியாவில் ஏன் போர் மூண்டது? 1926ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் என்னும் அமெரிக்க நிறுவனம் அந்நாட்டில் 10 லட்சம் ஏக்கர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. அமெரிக்க மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பர் அங்கிருந்து போயிற்று. 1989 முதல் 2003 வரை இருமுறை மூண்ட உள்நாட்டுப் போர்களில் ரப்பரும் மரமும் வைரமும் படைகளுக்குக் கூலியாயின. 1997 முதல் 2003 வரை அதிபராயிருந்த சார்லஸ் டெய்லர், அண்டை நாடான சியரா லியோனில் நடந்த கொடுமைகளுக்குத் துணைநின்ற குற்றத்துக்காக 2012ஆம் ஆண்டு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வைரத்தையும் ரப்பரையும் வாங்கியவர்களின் கூண்டு மட்டும் காலியாகவே இருந்தது. கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருப்பவருக்கும் கால் பிடித்துவிடுபவருக்கும் இடையே, அவர்கள் பிறப்பதற்கு முன்பே ஒரு வணிக உறவு இருந்துவருகிறது.

படத்தின் இறுதிப்பகுதியில் ஜாக்குலின் தன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். கேலி கேட்கிறாள். கேட்பதற்கு ஒருவர் கிடைப்பது சிறிய உதவியன்று. அகதி முகாம்களிலும் விசாரணை அறைகளிலும் அகதியின் கதை ஒரு சான்றாக மட்டுமே கேட்கப்படுகிறது. நம்பத்தக்கதா, முரண்படுகிறதா என்று அளக்கப்படுகிறது. தீர்ப்பு எழுதும் நோக்கமின்றி ஒருவர் கேட்கும்போதுதான் அது ஒரு மனிதரின் வாழ்க்கையாகிறது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு வினா எஞ்சி நிற்கிறது. மறுநாள் காலையில் அவளுடைய கையில் என்ன ஆவணம் இருக்கும்?

அபாயக் குரல் எழுப்பும் பயணி

மூன்றாவது, ஆஸ்திரிய இயக்குநர் வொல்ஃப்காங் ஃபிஷர் இயக்கி 2018ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட 'ஸ்டிக்ஸ்'. கிரேக்கத் தொன்மத்தில் வாழ்வோர் உலகையும் மாண்டோர் உலகையும் பிரிக்கும் ஆற்றின் பெயர் அது.

படம் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்குகிறது. நள்ளிரவில் ஒரு வாகன விபத்து. ஒரே ஒரு மனிதரைக் காப்பாற்ற ஊர்திகள் விரைகின்றன. தீயணைப்போர், காவலர், மருத்துவப் பணியாளர் எனப் பலர் சில நிமிடங்களில் கூடிவிடுகின்றனர். அவர்களில் ஒருவர் ரீக்கே என்னும் அவசர சிகிச்சை மருத்துவர். சுசான்னே வோல்ஃப் அப்பாத்திரத்தில் நடித்துள்ளார். விடுமுறையில் ரீக்கே ஜிப்ரால்டரிலிருந்து தன் பாய்மரப் படகில் தன்னந்தனியே புறப்படுகிறாள். இலக்கு, அட்லாண்டிக் நடுவே உள்ள அசென்ஷன் தீவு. டார்வின் கால்பதித்த அத்தீவில் மனிதர் நட்டு வளர்த்த காட்டைக் காண வேண்டும் என்பது அவளுடைய ஆவல்.

புயலுக்கு மறுநாள், பழுதாகி நிற்கும் ஒரு மீன்பிடிக் கப்பலைக் காண்கிறாள். அதில் மனிதர்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். சிலர் நீரில் விழுகின்றனர். வானொலியில் கடலோரக் காவல்படையை அழைக்கிறாள். உதவி வரும், நீ நெருங்காதே என்பது விடை. மணிகள் கடக்கின்றன, உதவி வரவில்லை. ஒரு சரக்குக் கப்பலை அழைக்கிறாள். இத்தகைய செயல்களில் தலையிட நிறுவனம் தடைவிதித்துள்ளது என்கிறார்கள். இதற்கிடையே கிங்ஸ்லி என்ற சிறுவன் நீந்தி அவளுடைய படகை அடைகிறான். அவனைத் தூக்கியேற்றி உயிர்காக்கிறாள். நைரோபியைச் சேர்ந்த கெடியோன் ஒடுவோர் வெக்கேசா அச்சிறுவனாக நடித்துள்ளார்.

இங்கே உறவு என்பது இனிமையான சொல்லன்று. கிங்ஸ்லி நன்றி சொல்லி ஒடுங்கி அமரவில்லை. அவனுடைய சகோதரி அக்கப்பலில் இருக்கிறாள். அங்கே போ என்று கெஞ்சுகிறான், பிறகு சினக்கிறான், ஒரு கட்டத்தில் ரீக்கேயையே கடலில் தள்ளிவிடுகிறான். அகதியை நன்றியுணர்வின் உருவமாகவே காட்டிப் பழகிய திரை மரபில் இது அரிய காட்சி. காப்பாற்றப்பட்டவனுக்குக் கோபப்படும் உரிமை உண்டு என்று இப்படம் ஏற்கிறது. ரீக்கேயும் கொடியவள் அல்லள். சிறு படகு அத்தனை பேரைத் தாங்காது என்பது அவள் அறிந்த உண்மை.

இறுதியில் அவள் ஒன்று செய்கிறாள். தன் படகே மூழ்குகிறது என்று 'மேடே' அபாய அழைப்பு விடுக்கிறாள். அதன் பிறகே உதவி புறப்பட்டு வருகிறது. கப்பலில் இருந்த பலருக்கு அது காலங்கடந்த உதவி.

தமிழ் இலக்கணம் கற்றோர் இக்காட்சியை எளிதில் விளக்கிவிடலாம். "அவர்கள் மூழ்குகிறார்கள்" என்று படர்க்கையில் சொன்னபோது கடல் முழுதும் செவிடாயிருந்தது. "நான் மூழ்குகிறேன்" என்று தன்மையில் சொன்னவுடன் எந்திரங்கள் இயங்கின. அதே கடல், அதே வானொலி, அதே காவல்படை. மூழ்குபவரின் கடவுச்சீட்டு மட்டுமே மாறியது. 'ட்ரிஃப்ட்' படத்தில் உயிர்வாழ அகதி பயணியாகப் பொய்யுரைத்தாள். 'ஸ்டிக்ஸ்' படத்தில் உயிர்காக்கப் பயணி ஆபத்திலிருப்பவளாகப் பொய்யுரைக்கிறாள். உண்மை சொன்னால் உயிர் நிலைக்காத ஓர் ஏற்பாட்டை ஐரோப்பா சட்டமாக்கி வைத்திருக்கிறது என்பதற்கு இவ்விரு பொய்களும் சான்று.

அந்த மீன்பிடிக் கப்பலையும் வெறும் காட்சிப் பொருளாகக் கடந்துவிடலாகாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையோர நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்வழி ஐரோப்பியக் கப்பல்கள் அக்கடலின் மீனை அள்ளிச் செல்கின்றன. வலையில் மீன் விழாதபோது, மீன் பிடித்த அதே மரக்கலம் ஆளேற்றும் கலமாகிறது. மீனுக்கு ஐரோப்பாவில் நுழைவுரிமை உண்டு, மீனவனுக்கு இல்லை.

திரைக்கு வெளியே ஒரே வாரம்

இவையெல்லாம் திரைக்கதையாசிரியர்களின் மிகைக்கற்பனை என்று எவரேனும் கருதினால், 2023 ஜூன் மாதத்தின் ஒரு வாரத்தை நினைவுகூரட்டும். ஜூன் 14 அன்று 'அட்ரியானா' என்னும் மீன்பிடிக் கப்பல் கிரேக்கத்தின் பைலோஸ் அருகே கவிழ்ந்தது. லிபியாவிலிருந்து புறப்பட்ட அதில் 750 பேர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பிழைத்தோர் 104 பேர். கிரேக்கக் கடலோரக் காவல் கலம் ஒன்று அருகிலேயே இருந்தது. நான்கு நாள்கள் கழித்து, ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற 'டைட்டன்' என்னும் நீர்மூழ்கி காணாமற்போனது. அதில் இருந்தோர் 5 பேர். ஓர் இருக்கையின் கட்டணம் 2,50,000 டாலர். பல நாடுகளின் கப்பல்களும் வானூர்திகளும் அட்லாண்டிக்கைச் சல்லடையிட்டன. உலகின் ஊடகங்கள் மணிக்கணக்கை எண்ணின.

அந்த ஐவருக்காகத் தேடியது பிழையன்று. கடலில் ஓர் உயிர் ஆபத்திலிருந்தால் அப்படித்தான் தேட வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98ஆவது பிரிவும் அக்கடமையையே விதிக்கிறது; யாருடைய உயிர் என்று அது வினவுவதில்லை. ஆற்றலும் கருவியும் உலகில் இருக்கின்றன என்பதை டைட்டன் மெய்ப்பித்தது. அவை யாருக்காக இயங்கும் என்பதை அட்ரியானா மெய்ப்பித்தது. அக்கப்பலில் பிழைத்த எகிப்தியர் 9 பேரை ஆட்கடத்தல்காரர்கள் என்று சிறையிலடைத்தனர். 2024 மே மாதம் கிரேக்க நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பில்லை என்று கூறி வழக்கைக் கைவிட்டது. 2014 முதல் மத்தியதரைக் கடலில் மாண்டோரும் காணாமற்போனோரும் 30,000 பேருக்கு மேல்.

நம் கரையில்

இந்நாட்டின் கரைகளும் இவ்வினாவுக்கு விலக்கல்ல. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் இங்கே இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மதத்தையும் நாட்டையும் அளவுகோலாக்கியது. இலங்கைத் தமிழரும் மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களும் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, தனுஷ்கோடியை ஒட்டிய மணல்திட்டுகளில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்ட குடும்பங்களை நாடு பார்த்தது. அரிச்சல்முனை, நாள்தோறும் சுற்றுலா ஊர்திகள் வந்து நிற்கும் இடம். ஒரே மணலில் ஒருவர் படமெடுத்துக்கொள்கிறார். மற்றொருவர் மண்டபம் முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில், இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை பெறாத ஒரு தலைமுறை வாழ்ந்துகொண்டிருக்கிறது.

தோழர்களே, இம்மூன்று படங்களும் பரிவின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகின்றன. ஜூலியெட்டாவின் கொட்டகை, கேலியின் செவி, ரீக்கேயின் குரல் ஆகியவை மதிப்புமிக்கவை. எனினும் ஒரு நல்ல மனிதர் எதிர்ப்படுவாரா என்ற தற்செயலில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கலாகாது. பரிவு உரிமையாக மாற வேண்டும். காப்பாற்றுவோரைத் தண்டிக்கும் சட்டங்கள் நீங்க வேண்டும். இந்தியா அகதிகள் உடன்படிக்கையை ஏற்று, மத வேறுபாடு பாராத அகதிகள் சட்டத்தை இயற்ற வேண்டும். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும். போரையும் சுரண்டலையும் ஏற்றுமதி செய்யும் வல்லரசுகளை எதிர்ப்பதும் இதே கடமையின் மறுபாதி.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்றால் எதிரே நிற்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. 'நாங்கள்', 'அவர்கள்' என்று பிரித்துச் சொல்லியே வலதுசாரி அரசியல் உலகெங்கும் வாக்குச் சேகரிக்கிறது. தொழிலாளர் இயக்கத்தின் இலக்கணத்தில் அகதிக்குரிய சொல் 'நாம்' என்பதே. சங்கக் கூட்டங்களிலும் பண்பாட்டு மேடைகளிலும் இப்படங்கள் திரையிடப்பட வேண்டும், விவாதிக்கப்பட வேண்டும். விவாதத்தின் முடிவில், அருகிலுள்ள முகாமுக்குச் சென்று அங்குள்ளோரின் கோரிக்கைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியையும் ஒவ்வொரு கிளையும் ஏற்க வேண்டும்.